உபெர்ட்டி 1873 லீவர் துப்பாக்கி: விசைப்பூட்டைப் பழுதுபார்த்துப் பொருத்துவது

லீவர் முழுதாக மூடும்வரை விசை இழுபடாமல் தடுக்கும் சிறு துண்டுதான் விசைப்பூட்டு. அமெரிக்க லீவர் துப்பாக்கியான 1873 வின்செஸ்டரின் நகல்களில் அது இரண்டு விதமாகக் கெடும். லீவரை இறுக மூடியபின்னும் விசை நகராமல் நிற்பது ஒன்று. லீவர் இன்னும் திறந்திருக்கும்போதே விசை இழுபடுவது மற்றது. முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து. பட்டறைக்குப் பெரும்பாலும் முதல் குறையோடுதான் துப்பாக்கி வரும், ஏனென்றால் சுட முடியாதபோதுதான் உரிமையாளர் கவனிக்கிறார். இரண்டாவது குறை இருக்கும் துப்பாக்கி வழக்கம்போலச் சுட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் குறைக்குச் சிலர் செய்யும் வைத்தியம், பூட்டுத்துண்டையே கழற்றி எறிவது. அது முதல் குறையை இரண்டாவது குறையாக மாற்றும் வேலை. இந்தப் பக்கம் அதற்கானதல்ல.

இங்கே சொல்வது இத்தாலியின் பிரெசியா மாகாணத்தில் கார்டோனே வால் டிராம்பியாவில் தயாராகும் உபெர்ட்டி நகல்களுக்கு. அமெரிக்காவில் வெவ்வேறு இறக்குமதியாளர்களின் பெயர் பொறித்து விற்றாலும் உள்ளே இருப்பது இதே அமைப்புதான். ஜப்பானில் மிரோகு செய்யும் வின்செஸ்டர் பெயரிட்ட 1873 வேறு வடிவமைப்பு. அதன் பாகங்களை இதில் போட்டுப் பார்க்க வேண்டாம். இன்னொன்று: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். சுடக்கூடிய நகலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். உரிமம் இல்லாதவர்கள் குறை எங்கே என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் படித்துவிட்டு, வேலையை உரிமம் பெற்ற பட்டறையில் கொடுக்கலாம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

பூட்டு எதற்காக இருக்கிறது

இந்தத் துப்பாக்கியில், குழலறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் தாங்குவது கெட்டியான பூட்டுக்கட்டை அல்ல, இரண்டு பக்கமும் உள்ள டாகிள் இணைப்புகள். முழங்கால் போலத்தான்: நேராக நிமிர்ந்து நின்றால் முழு எடையையும் தாங்கும், சற்றே மடங்கியிருந்தால் மடிந்துவிடும். இணைப்பின் பின்கள் (மூட்டு ஆணிகள்) ஒரே கோட்டில் வந்த நிலையில் தோட்டா வெடித்தால், அழுத்தம் நேராகப் பின்னால் ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உலோக உடலில் போய்ச் சேரும். கோட்டில் வருமுன் வெடித்தால் போல்ட் பின்னால் பாயும், லீவர் கையை உதறித் திறக்கும், தோட்டாக்கூடு ஆதரவில்லாமல் கிழியும், பக்கத் தகடு பிய்த்துக்கொண்டு போகலாம்.

லீவரைத் திறக்கும்போது பின்னால் வரும் போல்ட்டே, தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியான குதிரையைத் தள்ளி முழு ஏற்றத்தில் வைத்துவிடுகிறது. ஆகவே லீவரை மூடிக்கொண்டு வரும் முழு நேரமும் குதிரை பாயத் தயாராக நிற்கிறது. வேகமாகச் சுடுபவரின் சுட்டுவிரல் விசையில் முன்கூட்டியே பட்டுவிட்டால் அதைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது. அந்த ஒரே தடைதான் பூட்டுத்துண்டு.

அமைப்பு எளிது. ஃப்ரேமின் பின்புறத்திலிருந்து, தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடிப்பக்கம் ஓடும் இரும்புத் தகட்டைக் கீழ் டாங் என்பார்கள். குதிரை, மெயின் ஸ்பிரிங், விசை எல்லாம் அதில்தான் அமர்ந்திருக்கின்றன. விசைக்குப் பின்னால், தனக்கென்று ஒரு சிறு பின்னில் ஆடுகிறது பூட்டுத்துண்டு. அதன் மூக்கு டாங்கிலுள்ள துளை வழியாகக் கீழே எட்டிப் பார்க்கும். லீவரைத் திறந்து விசையின் பின்பக்கம் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். துண்டின் மறுபகுதி விசையின் முதுகுக்கு எதிரே நின்று, விசை பின்னால் வராமல் தடுக்கும். லீவரை மூடினால் லீவரின் மேல்தண்டு மூக்கை உள்ளே அமுக்கும். துண்டு திரும்பும், விசையின் முதுகுக்கு வழி கிடைக்கும். லீவரைத் திறந்தால் மெல்லிய பட்டை ஸ்பிரிங் ஒன்று துண்டை மறுபடி கீழே தள்ளிவிடும். விசைக்கும் துண்டுக்கும் ஒரே தகட்டில் இரண்டு நாக்காக ஸ்பிரிங் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். வேலையில் வித்தியாசம் இல்லை.

அளக்க வேண்டியது இரண்டு இடைவெளி

இந்த வேலையில் பலத்துக்குப் பங்கு குறைவு, வரிசைதான் எல்லாம். லீவர் மூடிக்கொண்டு வரும்போது முதலில் இணைப்பு நேராக வேண்டும், அதற்குப் பிறகே விசை விடுபட வேண்டும். இதை எண்ணில் பார்க்க, லீவருக்கும் கீழ் டாங்குக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அளக்கும் இடம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். லீவர் வளையத்தின் பின்கோடி, லீவரை மூடிய நிலையில் பூட்டும் தாழ்க்கொக்கிக்கு எதிரே உள்ள இடம் வசதியானது. கேஜுக்கு 1 முதல் 8 மி.மீ. வரை ட்ரில் பிட்டுகளின் வழவழப்பான தண்டுப் பகுதியே போதும்.

இணைப்பின் பின்கள் ஒரே கோட்டுக்கு வரும் நேரத்தில் இருக்கும் லீவர் இடைவெளியை ‘அ’ என்போம். விசை விடுபடும் நேரத்தில் இருக்கும் இடைவெளி ‘ஆ’. ஆ என்பது அ-வைவிடக் குறைவாக இருக்க வேண்டும், பூஜ்யத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆ பெரிதாகிவிட்டால் இணைப்பு நேராகுமுன் சுடும். ஆ பூஜ்யத்தைத் தொட்டால், கையுறையோ தூசியோ லீவரை ஒரு மயிரிழை விலக்கினாலும் விசை நகராது. இதற்குள் எங்கே நிறுத்துவது என்பது அந்தந்தத் துப்பாக்கியைப் பொறுத்தது. அ 4 மி.மீ. என்று வந்தால் ஆ-வை 1.5 முதல் 2 மி.மீ. வரை வைப்பது நியாயமான இடம்.

‘அ’வைப் போல்ட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். டாகிள் நேராகும் தறுவாயில், லீவர் பல மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போல்ட் ஏறக்குறைய நகராது. மேலிருந்து பார்த்தால் போல்ட் குழலில் போய் ஒட்டிக்கொண்டது போலவே தெரியும், ஆனால் இணைப்பு இன்னும் மடங்கியே இருக்கும். பக்கத் தகடுகளைக் கழற்றி, இணைப்பின் பின்கள் மீது சிறு உலோக அளவுகோலின் விளிம்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத் தகட்டுத் திருகைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு எழும்பும். அதை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளி மற்ற தகட்டையும் எடுக்கலாம். திருப்புளியை விளிம்பில் செருகி நெம்பினால் வாழ்நாள் வடு. தகடுகள் இல்லாதபோது இணைப்புகள் பின்னிலிருந்து நழுவக்கூடும் என்பதால் லீவரை முழுக்கத் திறந்து மூடி விளையாட வேண்டாம், கடைசி 10 மி.மீ. அசைவு போதும்.

முதலில் காலியாக்குவது

லீவரைத் திறந்து குழலறையைப் பார்த்தால் மட்டும் போதாது. லீவர் திறந்திருக்கும்போது, தோட்டாவைக் குழலறைக்கு உயர்த்தும் கேரியர் மேலே ஏறி நிற்கும், அதன் முன்முகம் மேகசின் குழாயின் வாயை அடைத்திருக்கும். உள்ளே தோட்டா இருந்தாலும் வெளியே தெரியாது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையிலிருந்து விரலை எடுத்து, தோட்டா வருவது நிற்கும்வரை லீவரை இயக்கி, அதற்குப் பிறகும் சில தடவை இயக்கவும். பின் லீவரை மூடி, குதிரையைப் பிடித்து இறக்கி, பக்கத்திலுள்ள தோட்டா போடும் கதவை அமுக்கி, கேரியரின் துளை காலியா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். மெல்லிய மரக்குச்சியை உள்ளே விட்டு முன்பக்கம் தள்ளினால் மேகசின் தள்ளுமுனை ஸ்பிரிங் அழுத்தத்தோடு பின்வாங்குவது கையில் தெரியும். உயிருள்ள தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். சோதனைக்கு வேண்டியது பித்தளை அல்லது பிளாஸ்டிக் போலித் தோட்டா மட்டுமே.

பிரிக்காமலே கண்டுபிடிக்கக்கூடியவை

லீவர் மூடியும் விசை நகரவில்லை என்றால், முதலில் தாழ்க்கொக்கியைத் திருப்பிப் பூட்டிப் பார்க்கவும். அப்போது விசை விடுபட்டால் லீவர் முழுதாக மேலே வரவில்லை என்று பொருள். பூட்டுத்துண்டின் மேல் பழி இல்லை. லீவரில் தோல்வார் சுற்றியிருக்கிறதா? விரலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று சுற்றிய வார், டாங்கில் போய்ப் படும் மேல்தண்டிலும் ஓடியிருந்தால் அதன் தடிமன் அப்படியே இடைவெளியாக நிற்கும். அந்த இடத்தில் மட்டும் வாரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டையின் மரம் மழைக்காலத்தில் ஊதி டாங்குக்குக் கீழே துருத்திக்கொண்டு லீவரைத் தாங்கிப் பிடிப்பதும் உண்டு. மரத்தில் பளபளவென்று தேய்ந்த இடம் இருந்தால் அதுவே சாட்சி.

லீவரே வளைந்திருக்கலாம். துப்பாக்கி லீவரின் மேல் விழுந்திருந்தால் வளையம் பக்கவாட்டில் கோணும், மேல்தண்டு மூக்கின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். மூக்கில் நிரந்தர மார்க்கர் மையைப் பூசி, லீவரை மூடித் திறந்து, லீவரில் மை எங்கே ஒட்டியது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கோணலைக் குளிர்நிலையிலேயே, வைஸில் செம்புத் தகடு வைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். நிறம் பூத்த லீவரைச் சூடாக்கினால் நிறமும் போகும், மேற்பரப்பின் கடினமும் போகும்.

மூக்கை விரல் நகத்தாலோ மரக்குச்சியாலோ அமுக்கி விடவும். ‘டிக்’ என்று உடனே திரும்பி வந்தால் ஸ்பிரிங் நலம். சோம்பலாக வந்தால் அழுக்கு. வராமலே நின்றால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், அல்லது அதன் திருகு தளர்ந்திருக்கும். அழுக்கு எவ்வளவு சேரும் என்பது தோட்டாவைப் பொறுத்தது. பழைய .44-40 தோட்டாவின் கூடு வாய்ப்பகுதியில் மெலிதாக இருப்பதால் வெடிக்கும்போது விரிந்து அறையை நன்றாக அடைத்துவிடும். அசல் 1873இல் இல்லாத, நகல்களில் மட்டும் கிடைக்கும் .45 கோல்ட்டில் அவ்வளவு அடைப்பு கிடையாது, புகை பின்னால் வந்து உள்ளே படியும். கரும்மருந்து சுடுகிறவராக இருந்தால் அந்தப் படிவு ஈரத்தை இழுத்துக் கெட்டிப்பட்டு, மூக்கின் துளையிலேயே சிமெண்ட் பூசியது போல நிற்கும். இதற்கு எண்ணெய் ஊற்றினால் களிம்பாகும். பிரித்து, சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, அதன் பிறகே எண்ணெய்.

கீழ் டாங்கை வெளியே எடுப்பது

திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும், இணைப்பக்க முனை கொண்ட துப்பாக்கித் திருப்புளிகள் வேண்டும். ஆப்பு வடிவில் சரிந்த சாதாரணத் திருப்புளி நழுவி, திருகின் தலையையும் ஃப்ரேமையும் கீறும். கூடவே பின்களைத் தட்டி வெளியே தள்ள 2, 2.5, 3 மி.மீ. பஞ்ச் கம்பிகள், சிறு பித்தளைச் சுத்தி, மென்மையான தாடை போட்ட வைஸ், வெர்னியர், நுண்ணிய எண்ணெய்க்கல், ஒரு தட்டு. வாங்கிய மாற்றுப் பாகம் கையில் வரும்வரை பிரிக்காமல் இருப்பது நல்லது, பாதி பிரித்த துப்பாக்கியில் திருகுகள் காணாமல் போகும்.

குதிரையை இறக்கிவிட்டு, கீழ் டாங்கின் அடியில் உள்ள மெயின் ஸ்பிரிங் இழுவைத் திருகை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே தளர்த்தவும். மேல் டாங்கின் திருகை எடுத்து, கட்டையை நேர் பின்னாக இழுக்கவும். இறுக்கமாக இருந்தால் உள்ளங்கையால் தட்டலாம். திருகி ஆட்டினால் டாங்கின் ஓரத்தில் மரம் பிளக்கும். இப்போது ஃப்ரேமின் பின்பகுதியில், பக்கத் தகட்டுக்குப் பின்னால் குறுக்காகப் போகும் டாங் திருகை எடுத்தால், குதிரை, மெயின் ஸ்பிரிங், விசையோடு கீழ் டாங் மொத்தமாகப் பின்னால் நழுவி வரும். வரவில்லை என்றால் மரக்கட்டையை வைத்துத் தட்டவும். லீவர் ஸ்பிரிங்கும் கேரியர் ஸ்பிரிங்கும் ஃப்ரேமுக்குள்ளேயே இருக்கட்டும், இந்த வேலைக்கு அவற்றைத் தொட வேண்டியதில்லை.

வெளியே எடுத்த டாங்கில் குதிரையை ஏற்றி விசையை இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். முன்னால் போல்ட் இல்லாததால் குதிரை டாங்கின் காதுகளிலும் தன் திருகிலுமே மோதும்.

பிரிக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளவும். ஸ்பிரிங் எந்த நாக்கு எந்தத் துண்டின் மேல் நிற்கிறது என்பது பிறகு மறக்கும். ஸ்பிரிங் திருகைத் தளர்த்தி எடுத்தபின், விசையின் பின்னும் பூட்டுத்துண்டின் பின்னும் எளிதாகவே வர வேண்டும். வராவிட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டிப் பார்க்கவும். ஒரு முனை லேசாக அகன்றிருக்கலாம். எந்தப் பக்கம் வந்தது என்று குறித்து, அதே வழியில் திரும்பப் போடவும்.

எதைப் பார்ப்பது

நன்றாகத் துடைத்துவிட்டு, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்க்கவும். பூட்டுத்துண்டில் விசையின் முதுகைத் தாங்கும் முனை கூராக, தட்டையாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால், லீவரை மூடும்போதே விசையை அமுக்கிப் பிடிக்கும் பழக்கம் அந்தக் கையில் இருக்கிறது. விரலின் முழு அழுத்தத்தோடு ஒவ்வொரு தடவையும் துண்டு விசையின் முதுகில் உராய்ந்து விலகியிருக்கிறது. துண்டை மாற்றினாலும் பழக்கம் மாறாவிட்டால் மறுபடி இதே இடத்துக்கு வரும். விசையின் முதுகிலும் அதற்கு ஜோடியாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஆழம் கால் மில்லிமீட்டருக்கு மேல் போனால் விசையையும் சேர்த்து மாற்றுவதே சரி. பள்ளத்தை ராவிச் சமமாக்கினால் இடைவெளி இன்னும் கூடும்.

பூட்டுத்துண்டின் பின் நுழையும் துளை முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று புதுப் பின்னைப் போட்டு ஆட்டிப் பார்க்கவும். துண்டு பக்கவாட்டில் தலை சாய்ந்தால் மூக்கு துளையின் சுவரில் உரசி அங்கேயே சிக்கும். துளையை 0.1 மி.மீ. மட்டும் ரீமரால் அகட்டி, அதற்கேற்ற பின்னைக் கடினமான ட்ரில் ராடில் வெட்டிப் போடலாம். டாங்கிலும் துண்டிலும் ஒரே அமர்வில், இரண்டையும் சேர்த்துப் பிடித்து ரீம் செய்தால்தான் துளைகள் ஒரே கோட்டில் நிற்கும்.

ஸ்பிரிங்

ஒடிந்த ஸ்பிரிங்குக்குக் கடையில் கிடைப்பதை வாங்கிப் போடுவதே சுலபம். கிடைக்காத ஊரில் செய்துகொள்ளலாம். ஒடிந்த துண்டுகளை ஒட்டவைத்துப் படியெடுத்து, அதே தடிமனில் நீலம் பாய்ச்சிய ஸ்பிரிங் எஃகுப் பட்டை வாங்கவும். பட்டை உருட்டப்பட்ட திசை நாக்கின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்காக வெட்டினால் சீக்கிரம் ஒடியும். விளிம்புகளை உருட்டி, எமரித் தாளில் நீளவாக்கில் மட்டும் தேய்க்கவும். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கான விதை. வெட்டுவதற்குத் தகரக் கத்தரியைத் தவிர்க்கவும், அது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை விடும். அரத்தால் அறுத்து ராவி எடுப்பதே நல்லது.

நீலப் பட்டையை அதிகமாக மடக்க முடியாது. கொஞ்சமான வளைவை உருண்டையான தண்டின் மேல் வைத்து அழுத்தி வாங்கலாம். கூர்மையான மடிப்பு வேண்டுமானால் 1095 போன்ற எஃகை மென்மைநிலையில் வளைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸில் செம்மையாகக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, பளபளப்பாகத் தேய்த்து, 300 டிகிரிச் சுற்றில் நீலம் ஏறும்வரை மெதுவாகப் பதம் பார்க்க வேண்டும். மெல்லிய பட்டையில் நிறம் நொடியில் ஓடிவிடும் என்பதால் நேரடிச் சுடரைவிட, சூடாக்கிய பித்தளைத் தட்டின் மேல் வைத்துப் பார்ப்பது கைக்குள் நிற்கும்.

பலம் எவ்வளவு வேண்டும்? துண்டை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் உடனே கீழே தள்ளும் அளவுக்கு. அதற்கு மேல் வைத்தால் லீவரின் கடைசி அசைவு கனக்கும், மூக்கு லீவரைப் பிறாண்டும். வேகத்துக்காக இதை மெலிதாக்கி மெலிதாக்கி, அழுக்குப் பட்ட அன்றே துண்டு மேலேயே நின்றுவிடும் நிலைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்தச் சில கிராம் இலகு எந்தப் போட்டியையும் வென்று தராது.

ஸ்பிரிங் திருகைக் கோர்க்கும்போது இரண்டு புரியையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, லாக்டைட் 222 போன்ற குறைந்த பலமுள்ள ஊதா நிறப் பூட்டுப்பசை ஒரு சிறு துளி போதும். சிவப்பு வகையைப் போட்டால் அடுத்த தடவை திருகின் தலைதான் கையோடு வரும்.

துண்டைப் பொருத்துவது

புதுத் துண்டு அப்படியே உட்கார்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ராவிப் பொருத்துவதற்கென்று சற்று உலோகம் கூடுதலாகவே வரும். ராவ இரண்டு இடம் உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும். விசையின் முதுகைத் தாங்கும் முனையை ராவினால் பூட்டு சீக்கிரம் விலகும், அதாவது ஆ கூடும். கீழே எட்டிப் பார்க்கும் மூக்கை ராவினால் லீவர் இன்னும் நெருங்கி வந்தபிறகே பூட்டு விலகும், அதாவது ஆ குறையும். குழப்பம் வந்தால் இதை எழுதி வைஸுக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் தாங்கு முனை. டாங்கில் விசை, துண்டு, ஸ்பிரிங், குதிரை எல்லாம் போட்டு, குதிரையை முழு ஏற்றத்தில் வைக்கவும். லீவர் இல்லாததால் மூக்கு கீழே இறங்கியிருக்கும். துண்டு விசையின் முதுகுக்குப் பின்னால் தானாக விழ வேண்டும். விழாமல் முதுகின் மேலேயே ஏறி நின்றால் முனை நீளம். மார்க்கர் பூசி, கல்லால் இரண்டு மூன்று இழுப்பு, துடைத்து மறுபடி சோதனை. ஒரு தடவையில் 0.05 மி.மீ.க்கு மேல் எடுக்க வேண்டாம். துண்டு விழுந்த கணத்தில் நிறுத்தவும். விசைக்கும் துண்டுக்கும் இடையே இருக்கும் ஆட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அந்த ஆட்டத்தைச் சோதிக்க, குதிரையின் பக்கவாட்டிலும் டாங்கின் காதிலும் ஒரே நேராகப் பென்சில் கோடு இழுக்கவும். குதிரையைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு விசையை நன்றாக, 3 கிலோ அளவுக்கு அழுத்தவும். கோடுகள் விலகாமல் நின்றால் சரி. குதிரை ஒரு துளி அசைந்தாலும் விசையின் முனை குதிரையின் பள்ளத்துக்குள் நகர்கிறது என்று பொருள். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, படிப்படியாகப் பள்ளத்திலிருந்து நழுவிவிடும். முனையை அதிகம் ராவிவிட்ட துண்டை வெல்டு வைத்துக் காப்பாற்றப் பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கலாம். இவ்வளவு சிறிய பாகத்தில் வெல்டின் சூடு மொத்தக் கடினத்தையும் இறக்கிவிடும்.

குதிரையின் பள்ளங்களையும் விசையின் கூர்முனையையும் இந்த வேலையின்போது கல்லால் தொடவே கூடாது. மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்திய பாகங்கள் என்றால் அடியில் மென்மையான இரும்புதான். தோலைத் தேய்த்துவிட்டால் சில நூறு சுடுதலில் கோணமே மாறிப்போகும்.

அடுத்தது மூக்கு. டாங்கை ஃப்ரேமில் பூட்டி, கட்டை போடாமலே ஆ-வை அளக்கலாம். குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, லீவருக்கும் டாங்குக்கும் இடையே பெரிய ட்ரில் தண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவில் விசை விடுபடுகிறது என்று பார்க்கவும். ஏற்கெனவே எடுத்த அ-வோடு ஒப்பிடவும். ஆ பெரிதாக இருந்தால் மூக்கில் சில இழுப்பு. ஆ பூஜ்யம் என்றால் தாங்கு முனையின் ஓரத்தை மிகச் சிறிதாகச் சாய்த்து, விலகும் தருணத்தை முன்னால் கொண்டுவரலாம். தட்டையான தாங்கும் முகத்தில் கை வைக்காமல், விலகிப் போகும் ஓரத்தில் மட்டும். மூக்கின் நுனியைக் கடைசியில் வழவழப்பாக உருட்டி மெருகேற்றினால் லீவரில் தடம் விழாது.

கோர்த்தபின் சோதனை

துண்டின் பின்னிலும் மூக்கிலும் எண்ணெய் ஒரு துளி. கிரீஸ் வேண்டாம், குளிரில் அது ஸ்பிரிங்கோடு சண்டை போடும். மெயின் ஸ்பிரிங் திருகை எண்ணிய அதே சுற்றுக்குக் கொண்டுவரவும். கட்டையைப் போட்டபின் அளவுகள் மாறும், மரம் டாங்கை ஒரு பக்கம் தள்ளுவதால் ஆ அரை மில்லிமீட்டர்கூட நகரலாம். ஆகவே கடைசி அளவு எப்போதும் எல்லாத் திருகும் இறுகிய துப்பாக்கியில்தான்.

லீவரை முழுக்கத் திறந்து, பாதி மூடி, அ-வைவிட 1 மி.மீ. கூடுதலான தண்டை வைத்து மூடி, மூன்று நிலையிலும் விசையை அழுத்தவும். எதிலும் குதிரை அசையக் கூடாது. அடுத்து, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, குதிரையைக் கட்டைவிரலால் தாங்கியபடி லீவரை மெதுவாக மூடிப் பார்க்கவும். துண்டு விசைக்கு எதிரே இறுகி, லீவரின் கடைசி அசைவை எதிர்க்க வேண்டும். விரலை விட்டதும் லீவர் போய் மூட வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகவும் இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து இதையே மறுபடி செய்யவும். எடையால் மட்டும் விழுந்துகொண்டிருந்த துண்டு, ஸ்பிரிங் செத்திருந்தால், தலைகீழாகப் பிடித்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு போலித் தோட்டாக்களைப் போட்டு வழக்கமான வேகத்தில் ஐம்பது தடவையாவது இயக்கி, மறுபடி கட்டையைக் கழற்றித் தாங்கு முனையை லூப்பில் பார்க்கவும். மார்க்கர் மை ஒரே சீராகத் தேய்ந்த பட்டையாக இருந்தால் பொருத்தம் சரி. ஒரு மூலையில் மட்டும் வெள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் துண்டு சாய்ந்து நிற்கிறது, பின் நுழையும் துளையை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சுடுகளத்தில் முதல் தடவை மேகசினை நிரப்ப வேண்டாம். ஒரே ஒரு தோட்டா போட்டு, சுட்ட கூட்டின் அடிப்பகுதியைப் பார்க்கவும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே புடைப்போ, வளையம் போன்ற மின்னும் கோடோ இருந்தால் நிறுத்திவிட்டு, விசைப்பூட்டை விட்டுவிட்டு டாகிள் பின்களின் தேய்மானத்தையும் போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியையும் பார்க்க வேண்டும். பின்கள் தேய்ந்த துப்பாக்கியில் ‘அ’வே நகர்ந்திருக்கும், மூக்கில் எடுத்த அளவெல்லாம் புதிதாக எடுக்க வேண்டி வரும்.